அத்தா கட்டிலுக்குப் பின்னால் போன வயர்

மட்டாஞ்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அருமை மகள் ரஹீனாவுக்கு அம்மாவின் சலாம். போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் இந்தக் காகிதத்தைத் தேடியிருக்க மாட்டேன்.

இங்கே சுகம்தான். அத்தா போய் ஐந்து மாதமாகிறது. வீட்டோடு இருந்த இத்தா காலம் முடிந்து கடைக்குப் போய் வரத் தொடங்கியிருக்கிறேன். சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. அழுகைதான் வரவில்லை.

உன் தம்பி ஃபயாஸ் பெங்களூரு வேலையை இப்போது மாடியிலிருந்தே பார்க்கிறான். மழை வந்தால் மொபைல் நெட் நின்றுவிடுகிறது. பழைய டெலிபோன் வயரிலேயே நெட் எடுக்கலாம் என்று வியாழக்கிழமை சுதீர் என்கிற ஆளைக் கூட்டிவந்தான். வாய் ஓயாத மனிதர், மூன்று சாயா குடித்தார். ஹாலில் வயரின் முனையில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டு, பேனா மாதிரி ஒன்றைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டே போனார். வயர் போகிற இடமெல்லாம் அது கீச்சென்று கத்தியது. ஹாலிலிருந்து அத்தா அறை, அங்கிருந்து மாடி, எல்லாம் ஒரே வயர். அத்தா கட்டிலுக்குப் பின்னால் போனதும் சத்தம் நின்றுவிட்டது.

கட்டிலை நகர்த்தினார்கள். வயர் துண்டாகிக் கிடந்தது. ஃபயாஸ் எலி என்றான். நானும் எலிதான் என்றேன். சுதீர் குனிந்து பார்த்துவிட்டு, எலியல்ல உம்மா, ஆரோ கத்திரி வெச்சு முறிச்சதாணு என்றார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வெட்டியது நான்தான் ரஹீனா.

நீ மாப்பிள்ளையை வேண்டாமென்று விட்டு ஷார்ஜா போன பிறகு அத்தா விழுந்தார், கைகால் ஒரு பக்கம் வராமல் போனது. வெள்ளிக்கிழமைதோறும் நீ கூப்பிடுவாய்; உன்னோடு பேசி முடித்தால் அழுவார், பிரஷர் ஏறும், இரண்டு நாள் கஞ்சி இறங்காது. மனசு கலங்க விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அன்றுதான் கத்திரியை எடுத்தேன். உன்னிடம் அத்தா தூங்குகிறார் என்றேன். அவரிடம் அறை போன் கெட்டுவிட்டது என்றேன். ஆனாலும் ஹாலில் மணி அடித்தால், நல்ல கையால் கட்டிலருகே இருந்த அந்தக் கெட்ட போனின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். நான் பேசி முடிக்கும்வரை வைத்திருப்பார். நான் பார்த்துக்கொண்டுதான் பேசினேன்.

அத்தாவுக்கு என்மேல் இன்னும் கோபமா என்று நீ ஒருநாள் கேட்டாய். இல்லை என்றால், பின்னே ஏன் பேசவில்லை என்று கேட்பாய். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். பிறகு நீ கூப்பிடுவதே குறைந்தது. மய்யித்து அடக்கத்துக்கும் வரவில்லை. லீவு இல்லை என்றாய், நானும் கேட்டுக்கொண்டேன்.

கோபமில்லை மகளே, ஒருநாளும் இல்லை. போவதற்கு முந்தின நாள் மாலை, புள்ளெ வெள்ளிக்கிழமெ விளிக்குமல்லே என்று வாய் குழறக் கேட்டார். விளிக்கும், கூப்பிடுவாள் என்றேன். அன்றுதான் வெள்ளிக்கிழமை. அவருக்குக் கிழமை தெரியவில்லை.

ஃபயாஸிடம் இன்னும் சொல்லவில்லை. நெட் வந்துவிட்டது, அக்காவை வீடியோவில் கூப்பிடட்டுமா என்று நேற்றுக் கேட்டான். இப்போது வேண்டாம் என்றேன்.

லீவு கிடைத்தால் வா. வீட்டுக்கு வர மனமில்லாவிட்டால் அத்தாவை அடக்கிய பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே நின்று அவருக்கு ஒரு பாத்திஹா ஓதிவிட்டுப் போ. நீ ஊரில் இருக்கிற நாளில் நான் அந்தத் தெருப்பக்கம் வரமாட்டேன். அல்லாஹ் உன்னை நல்லபடி வைக்கட்டும்.

அம்மா ரம்லத்