எடுத்துக் கொடுத்த வசனம்

மேடையில மட்டும் ராஜாவா இருக்கிற என் வீட்டுக்காரருக்கு,

நாடக மன்றத்துப் பட்டுத்திரையைத் தலைவரோட மகன் தூக்கிட்டுப் போனதைப் பார்த்தேன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க? நேத்துக் கூட்டத்துல, உங்க ராஜா உடுப்பைத் தைச்சவ மேலயே அந்தத் திருட்டுப் பழி விழுந்தப்போ வாயே திறக்கலையே!

மேடையில வசனம் எடுத்துக் கொடுக்கிற மாதிரியே பின்னாலேருந்து சொன்னேன்: “அவ எடுக்கலைன்னு சொல்லுங்க.” உங்க காதுல விழுந்துச்சு. கழுத்து விறைச்சதைப் பார்த்தேன். தலைவரைப் பகைச்சுக்கிட்டா வேஷம் போயிடும், அதானே?

நாளைக்கு நாடகத்துல, குத்தமில்லாத ஒருத்தனுக்காக ராஜ்யத்தையே தூக்கி எறிவீங்க. ஊரே கைதட்டும். நடுவுல வசனம் மறந்தா, பக்கவாட்டுல என்னைத் தேடாதீங்க. முதல் வரிசையில, அந்தத் தையல்காரி பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். அவ முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்.

இதுவரைக்கும் உங்களுக்கு எடுத்துக் கொடுத்தவ