கார் ஆயில் ஊற்றிய வண்டி

மச்சான்,

போன சனிக்கிழமை என் கார் சர்வீஸுக்குப் போயிருந்ததால், மூலையில் கிடந்த பைக்கை எடுத்தேன். திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஒரு லாரியை முந்தப் போனபோது இன்ஜின் மட்டும் அலறியது, வண்டி வேகம் எடுக்கவில்லை. கூடவே கிளட்ச் கருகும் நாற்றம். உடனே உன் நினைவு வந்தது. கரண்ட் பில் கட்ட மறந்தது திடீரென்று நினைவுக்கு வருமே, அப்படித்தான் வந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

வேகம் கூடட்டும் என்று இன்ஜினில் பெரிய பிளாக்கும் பிஸ்டனும் போட ஆசைப்பட்டது நான்தான். "ஆபீஸுக்குப் போற வண்டி மச்சான், ராக்கெட்டா வுடப்போற?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு ஞாயிறு உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தாய். இன்ஜினுக்குப் பலம் கூடினால் பழைய கிளட்ச் தாங்காது என்று கெட்டி ஸ்பிரிங்கும் புதுப் பிளேட்டுகளும் போட்டாய். நான் செய்ததெல்லாம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததும் உன் வீட்டு மீன் வறுவலைத் தின்றதும்தான்.

ஒரு மாதம் வண்டி பறந்தது. அப்புறம் ஆயில் மாற்றும் வேலையை நானே செய்தேன். ஒரே வாரத்தில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. கோவளத்தில் உன் வீட்டுக்கு வந்து, தெருவே பார்க்கக் கத்தினேன். மட்டமான பிளேட்டைப் போட்டு வண்டியைக் கெடுத்துவிட்டாய் என்றேன். நீ கோபப்படவில்லை.

"ஆயில் மாத்துனியா?"

"மாத்துனேன். காருக்கு வாங்குனது மிச்சம் இருந்துச்சு. உன் ஆயில விட ஒசத்தி."

ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாய். "வண்டிய வுட்டுட்டுப் போ மச்சான். நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்த லட்சணம்தான் தெரியுதே!"

உன்னிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், நீயே கூப்பிடு என்று வீம்பாக இருந்தேன். மூன்று ஞாயிறு போனது. நாலாவது ஞாயிறு வருவதற்குள், நெஞ்சு வலிக்கிறது என்றவன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாய். உன் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மரக்கட்டை மாதிரி இருந்தேன்.

சனிக்கிழமை பாதி வழியில் திரும்பி, கிளட்ச் பிளேட் வாங்க எங்கள் செங்கல்பட்டிலேயே ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "இன்னா ஆயில் ஊத்திகீற?"

சொன்னேன்.

"காரு ஆயிலா? பைக்குல கிளட்ச்சு ஆயிலுக்குள்ளயே கீது அண்ணாத்த. கார்ல அப்டி இல்ல, அதான் அந்த ஆயில்ல வழவழப்புக்கு மருந்து சேக்கறான். அத ஊத்துனா வழுக்காம இன்னா பண்ணும்?" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். பிளேட் வாங்காமல் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு நேரே கோவளம் வந்தேன்.

உன் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அவருக்கு அன்னிக்கே தெரியும்ணா," என்றாள். "போன் பண்ணி சொல்லிடேன்னு நான்கூட சொன்னேன். 'போன்ல சொன்னா அவனுக்கு அசிங்கமா பூடும். ஞாயித்துக்கெழம வருவான் பாரு, கழட்டும்போது அவனே புரிஞ்சிப்பான்'னாரு."

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். திறந்தால் முழுக்க பைக் ஆயில். அதற்குள் என் வண்டிக்குப் புதுக் கிளட்ச் பிளேட்டுகள். மாட்டும் முன் அவற்றை ஆயிலில் ஊறவைக்க வேண்டும். ஒரு ராத்திரி ஊறினால் போதும்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எடுத்துப் பாத்துட்டு மூடி வெச்சிடுவாரு. எனக்கு அதக் கொட்ட மனசு வர்ல."

டின்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் காபி கொடுத்தாள், குடித்தேன்.

மறுநாள் பழைய ஆயிலை வடித்துவிட்டு, அந்தப் பிளேட்டுகளை நானே மாட்டி, பைக் ஆயில் ஊற்றினேன். கிளட்ச் கெட்டியாகப் பிடிக்கிறது. நீ இருந்தால் ஏதாவது கிண்டல் செய்திருப்பாய். என்னவென்று யோசித்துப் பார்த்தேன், அதுகூடத் தோன்றவில்லை. தப்பு என்னுடையதுதான் மச்சான். அதைச் சொல்லும்போதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அந்த மூன்று ஞாயிறும் நான் வீட்டில் சும்மாதான் படுத்துக் கிடந்தேன். செங்கல்பட்டிலிருந்து கோவளம் ஒரு மணி நேரம்தான்.