நாமக்கல்லில் ஏறிய சார்ஜ்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். சளி விட்டதா? டப்ளினில் நான் சௌக்கியம்.

நம் எலக்ட்ரிக் கார் எங்கே, எவ்வளவு சார்ஜ் ஏறுகிறது என்று இங்கிருந்தே பார்க்க, பொழுதுபோக்காக ஒரு புரோகிராம் எழுதினேன். நேற்று அது வேலை செய்ததும் பெருமையாக அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“நாமக்கல்லுல சார்ஜ் போட்டீங்களாப்பா?”

“நான் லோடோட நாக்பூர்ல இருக்கறேன் சாமி. காரு சங்ககிரியில, ஊட்லதான நிக்குது?”

சாவி உங்களிடம்தானே இருக்கிறது! ஓட்டக் கற்றுக்கொண்டதையே சொல்லவில்லையே அம்மா. அத்தனை லாரிகளுக்கு நடுவே, தனியாக! ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் மட்டும், என் புரோகிராம்தான் தப்பு என்று சமாளித்தேன்.

பஸ் வந்துவிட்டது. இனி எந்த ஊருக்குப் போனாலும் அங்கே கொஞ்சம் சார்ஜ் போடுங்கள். நானும் கூடவே வந்ததுபோல இருக்கும்.

உங்கள் மகள்
தேவிப்ரியா