ஸ்டிக்கர் மேல் சந்தனம்

அன்புள்ள அப்பாவுக்கு அறிவுமதி வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா?

"பொட்டு வைக்காம மெஷினைப் போடாதே" என்று நம் அரியமங்கலம் பட்டறையில் சொல்வீர்களே. ஆயுத பூஜையன்று இந்தப் புனே ஆபீசின் புதுக் கணினிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்தேன். அது மாடல் எண் ஸ்டிக்கரை மறைத்துவிட்டது. பார்க்க ஒன்றுபோல் இருந்ததால் எல்லாவற்றிலும் ஒரே டிரைவர் மென்பொருளோடு விண்டோஸ் ஏற்றினேன். பாதிக் கணினிகள் வேறு மாடல்; அவற்றில் நெட்வொர்க் வரவில்லை. ஆபீசே நின்றுவிட்டது.

"எல்லாப் பொட்டையும் துடை. சாயங்காலத்துக்குள் சரியாகவில்லையென்றால் ஊருக்குக் கிளம்பு" என்றார் மேனேஜர்.

பயப்படாதீர்கள், ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். ஸ்ரீரங்கம் போனால் எனக்கும் சேர்த்துக் கும்பிடட்டும். பருப்புப் பொடி அனுப்புங்கள்.

எல்லாப் பொட்டையும் துடைத்துவிட்டேன், என் மேசைக் கணினியில் இருப்பதைத் தவிர. மேனேஜர் இந்தப் பக்கம்தான் வருகிறார். நிறுத்துகிறேன்.

அறிவுமதி