பத்து டன் நின்ற இடம்

மாப்ள,

இன்று காலை அவனியாபுரத்தில் பால் வாங்கப் போன வழியில், ஒரு வீட்டு வாசலில் புதிதாகக் கான்கிரீட் போட்டு, மேலே ஈரச் சாக்குகளை விரித்து வைத்திருந்தார்கள். நனைந்த சணலும் பச்சைச் சிமெண்டும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் வெளியே வந்து, "என்ன பெரியவரே, யாரப் பாக்கணும்?" என்று கேட்டார். உன்னைத்தான் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல முடியுமா? "சாக்கு காயுதுய்யா, தண்ணி ஊத்துங்க" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டு நடந்தேன். நீ போய் நாலு மாதம் ஆகிறது. நான் இன்னும் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் உத்தரவு போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதைப் பார்த்துச் சிரிக்கத்தான் நீ இல்லை.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு இருந்த தலைக்கனத்தை உன்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? பேரையூர் வரைக்கும் எந்த ரைஸ் மில்லில் நெற்களம் போடுவதென்றாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அவித்த நெல்லைக் கொட்டிக் காயவைக்கிற அந்தச் சிமெண்டுத் தரையில் என் கைக்கு இணை கிடையாது என்று நானே சொல்லிக்கொள்வேன், மற்றவர்களையும் சொல்ல வைப்பேன். ஒரு மணி நெல் கீறலில் சிக்காது. உள்ளங்காலில் தேய்த்தால் வழுக்கும். நீ அந்த மில்களுக்கு நெல் லாரி ஓட்டினாய். அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவன் நீ. அந்தப் பெருமையை நீ வெளியே காட்டிக்கொண்டதே இல்லை. நம் இரண்டு பேருக்கும் அதுதான் வித்தியாசம்.

அவனியாபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்த மில்லை நினைத்துப் பார். ரோட்டிலிருந்து குடோன் வாசல் வரை நூறு அடிக்கு வெறும் கரிசல். மழை விழுந்தால் லாரி அச்சு வரை புதைந்துவிடும். மூட்டைகளைத் தலையில் சுமந்துதான் உள்ளே கொண்டுபோக வேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "லாரி உள்ள வர்ற மாதிரி ஒரு கான்கிரீட் பாதை போட முடியுமாப்பா?" என்று கேட்டார். "களம் போட்ட கைக்குப் பாதையெல்லாம் ஒரு வேலையா மொதலாளி?" என்றேன். அந்தப் பதிலை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

ஆனி மாதம் முழுக்க உழைத்தேன். கரிசலை வெட்டி மட்டம் பண்ணி, செங்கல் ஜல்லி கொட்டி இடித்து, மேலே மூன்று அங்குலக் கான்கிரீட். அதற்கு மேல் என் கைராசிப் பூச்சு. தண்ணீர் கட்டி வைத்துத் திறந்துவிட்ட மறுநாள் காலை வந்து பார்த்தால், மில் பெண்கள் பாதை நெடுகிலும் அவித்த நெல்லைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். என் சித்தாள்களுக்குத் தலைவியான பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கோ நெஞ்சு விரிந்துபோனது. இம்புட்டு நல்ல தரையைப் பார்த்தால் யாருக்குத்தான் நெல் காயப்போடத் தோன்றாது என்று நினைத்தேன். நான் கட்டியது பாதை அல்ல, இன்னொரு களம் என்பதை அந்தப் பெண்கள் ஒரே பார்வையில் கண்டுகொண்டார்கள். எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

நாலாம் நாள் நீ வந்தாய். முந்தின நாள் கோடை மழை மாதிரி ஒன்று கொட்டிவிட்டுப் போயிருந்தது. பத்து டன் நெல்லோடு ரோட்டிலிருந்து திருப்பினாய். முன் சக்கரம் ஏறியது. பின் சக்கரம் ஓரத்தை மிதித்ததும் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. வளைவில் மூன்று துண்டு, நடுவில் நீளமாக ஒரு பிளவு, அதிலிருந்து கரிசல் சேறு பொங்கி மேலே வந்தது. நான் மட்டக்கோலை ஓங்கிக்கொண்டு உன் கதவுக்கு ஓடிவந்தேன்.

"லாரியாடா ஓட்டுற? எருமைய ஓட்டுற மாதிரி ஏத்துற?"

நீ இறங்கக்கூட இல்லை. "வண்டி உடைக்கல மாப்ள. உன் தரைதான் உடைஞ்சிருச்சு" என்றாய்.

அன்று முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சிமெண்டைப் பர்மிட்டில் வாங்கிய காலம் அது. அவர் உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவ போடு. ஐப்பசி மழையில லோடு வண்டி குடோன் வாசல்ல வந்து நிக்கணும். நிக்கலேன்னா இந்தப் பக்கம் எந்த மில்லுலயும் நீ கரண்டி பிடிக்க முடியாது. நானே எல்லார்கிட்டயும் சொல்லிருவேன்." அவர் சொன்னால் செய்கிற மனிதர். எனக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் மூன்று பிள்ளைகள். மூன்று நாள் உன் லாரி சத்தம் கேட்டாலே மில்லுக்குப் பின்பக்கம் போய்விட்டேன்.

நாலாம் நாள் காலை நீயே வந்தாய், லோடு வண்டியோடு. ரோட்டோரம் நிறுத்திவிட்டு, பேச்சியம்மாவிடம் கோலப்பொடி கேட்டு வாங்கினாய். பின் சக்கரங்களைச் சுற்றித் தரையில் நெருக்கமாகத் தூவினாய். பிறகு வண்டியை எடுத்து நாலு அடி முன்னால் நகர்த்தினாய். வெள்ளைக்கு நடுவே சக்கரம் நின்ற இடங்கள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. "கைய வச்சுப் பாரு" என்றாய். வேண்டா வெறுப்பாகக் குனிந்து வைத்தேன். என் இரண்டு உள்ளங்கைக்குள் ஒரு சக்கரம் நின்ற இடம் அடங்கிவிட்டது.

"அம்புட்டு எடையும் இப்பிடித்தான் நிக்குது. நெல்லு உன் தரையில படுத்துக்கிடக்கும் மாப்ள. என் வண்டி நிக்கும்."

அந்த ஒரு சொல்லில் என் பதினைந்து வருடத் தொழில் தலைகீழாகிவிட்டது. கோபம் வந்தது. கூடவே, பாரமாக இருந்த ஏதோ ஒன்று இறங்கவும் செய்தது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டதே.

ஆவணியில் எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்தேன். இந்த முறை கரிசலை இரண்டரை அடி ஆழத்துக்குத் தோண்டி வெளியே கொட்டினோம். மழைக்கு ஊதி, வெயிலுக்குப் பிளக்கிற அந்த மண் அடியில் இருக்கிறவரை மேலே எதைப் போட்டாலும் வீண். அரை அடிக்கு ஒரு தரம் சரளை கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்தோம். நீ ஒவ்வொரு தட்டுக்கும் லோடு வண்டியைக் கொண்டுவந்து முன்னும் பின்னுமாக ஓட்டினாய். சக்கரம் பள்ளம் விழுத்துகிற வரைக்கும் அடுத்த தட்டுப் போடாதே என்று அடம் பிடித்தாய். அதற்கு மேல் கருங்கல்லை நிறுத்தி அடுக்கி, அதற்கும் மேல் எட்டு அங்குலக் கான்கிரீட், ஓரங்களில் முழுசாக ஓர் அடி. ரோட்டிலிருந்து வண்டி திரும்புகிற வளைவில் கம்பி கட்டினோம். பாதையை ஒரே பாளமாகப் போடாமல் பாத்தி பாத்தியாகப் பிரித்து, இடைவெளியில் தார் ஊற்றினோம். வெயிலில் அது விரியட்டும், யாரையும் கேட்காமல் தானாகப் பிளக்க வேண்டாம் என்று.

கடைசியில் பூச்சுக்கு நான் கரண்டியை எடுத்தபோது நீ என் கையைப் பிடித்தாய். "வழவழப்பா வேணாம். மழையில சக்கரம் வழுக்கிரும்." தென்னந்துடைப்பத்தை எடுத்துக் குறுக்கே இழுக்கச் சொன்னாய். என் வேலையின் மேல் என் கையாலேயே கீறல் போடச் சொல்கிறானே என்று எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. பேச்சியம்மாதான் துடைப்பத்தைப் பிடுங்கி முதல் இழுப்பை இழுத்தாள். "மகள கட்டிக்குடுக்குற மாதிரி நிக்காதீங்க மேஸ்திரி" என்றாள்.

மண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீரை நிறுத்தினோம். "நாத்து நடப்போறியா மாப்ள?" என்று கேட்டுவிட்டு, வேறு வண்டி எதுவும் நுழையாதபடி உன் லாரியை ரோட்டோரம் குறுக்கே நிறுத்திவிட்டுப் போவாய். நாலு வாரம், புரட்டாசி வெயில் முழுக்க, ஒரு நாளும் அந்தத் தரையைக் காயவிடவில்லை. வரப்பை உடைத்த அன்று பழையபடி நெல் கூடைகளோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். கீறல் கீறலாக இருந்த தரையைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ச்சீ, இதுல எவ நெல்லக் கொட்டுவா?" என்று திரும்பிப் போனார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

ஐப்பசி பிறந்து ஆறு நாள் விடாமல் பெய்தது. ஏழாம் நாள் தூறல் விட்ட நேரத்தில் மூன்று லோடு வண்டிகள் வரிசையாக வந்தன. முதல் வண்டி உன்னுடையது. முதலாளி குடையோடு நின்றார், மில்லே வேலையை விட்டுவிட்டு வெளியே நின்றது. நீ நேராகப் போயிருக்கலாம். போகவில்லை. பழைய தரை உடைந்த அதே வளைவில், அதே ஓரத்தில் பின் சக்கரத்தை ஏற்றி நிறுத்தினாய். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்தாய். டயர் முனகியது. "போடா உள்ள" என்று நான் கத்தினேன். நீ பின்னால் எடுத்து, வேகமாக வந்து, படாரென்று பிரேக் போட்டாய். என் உயிர் போய்த் திரும்பி வந்தது. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி குடோன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாய். மற்ற இரண்டு வண்டிகளும் உன் பின்னாலேயே ஏறி வந்தன.

நீ இறங்கி நடந்து வந்து, அந்த வளைவில் ஈரத்தில் குப்புறப் படுத்து, ஓரத்தை நெடுகப் பார்த்தாய். சட்டைப்பையிலிருந்து தீக்குச்சி ஒன்றை எடுத்து, மருந்தில்லாத முனையால் விரிசல் தேடி அங்கங்கே குத்திப் பார்த்தாய். "குச்சி நுழையல மாப்ள" என்று எழுந்து, அதே குச்சியால் பீடியைப் பற்றவைத்தாய். பேச்சியம்மா குலவை போட்டாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். ராஜா நடந்திருந்தால்கூட அப்படி நடந்திருக்க மாட்டான்.

முதலாளி என்னிடம் வந்து, "இந்தத் தோதெல்லாம் யாருப்பா சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார். நீ பக்கத்தில்தான் நின்றாய். "யாரு சொல்லணும் மொதலாளி? நான்தான்" என்றேன். நீ புகையை வெளியே விட்டுவிட்டு, "ஆமா, அவன்தான்" என்றாய்.

அதன் பிறகு எண்பதுகள் முழுக்க எனக்கு ஏறுமுகம்தான். லாரி செட்டு, பஞ்சு மில், மரக்கடை என்று வரிசையாக ஆட்கள் தேடி வந்தார்கள். என் பேர் தானாகப் பரவுகிறது என்றே நம்பினேன். உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த டிரைவர்கள் சொன்னபோதுதான் தெரிந்தது, லோடு இறக்கப் போன இடமெல்லாம் வாசல் மண்ணைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மதுரையில ஒருத்தன் இருக்கான்" என்று நீதான் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

போன மாதம் அந்த மில்லை இடித்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனேன். கட்டடம் இரண்டே நாளில் தரைமட்டமானது. பாதையில்தான் சிக்கல். உடைக்கிற மெஷினை வைத்துக் காலையிலிருந்து மோதிக்கொண்டிருந்த பையன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கி, "எந்த மகராசன்யா இதப் போட்டது?" என்றான். நின்றிருந்தவர்களில் ஒருவர் என்னைக் கைகாட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானும் ஒரு லாரி டிரைவரும்" என்றேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இரண்டாவது தடவை கத்திச் சொன்னேன், உன் பேரோடு.