பாறை மேல் பச்சை விளக்கு

பிப்ரவரி 9

சென்சார் மாட்டியாயிற்று. கீழே அந்தச் சின்னக் கடற்கரை. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. மேலே ஒரு நீள விரிசல். அதற்கு இந்தப் பக்கம் ஒரு போல்ட், அந்தப் பக்கம் ஒரு போல்ட், நடுவே கம்பி. விரிசல் வாயைத் திறந்தால் சென்சார் பெட்டியில் சிவப்பு எரியும், என் போன் அலறும். இல்லாவிட்டால் பச்சை. மழை வேறு. அரக்கப்பரக்க முடித்தேன்.

பிப்ரவரி 21

சென்சார் அனுப்பும் கோடு போனில் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருக்கிறது. மூடி வைத்திருந்த கடற்கரையைத் திறக்கலாம் என்று சொல்லிவிட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமேப்பா" என்றார் மேனேஜர். எதைப் பார்க்க?

பிப்ரவரி 27

அக்கா போன் செய்தாள். ஞாயிறு குடும்பத்தோடு அங்கேதானாம். "காத்தே அடிக்காதாமே! தம்பி செக் பண்ண இடம்னு பீத்திக்கிட்டிருக்கேன்டா." நானும் இளித்தேன்.

மார்ச் 1

ஞாயிறு.

காலையில் காபியோடு போனைத் திறந்தேன். அதே நேர்கோடு. அப்போதுதான் உறைத்தது — ஏன் இவ்வளவு நேர்? பாறை வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். விரிசல்மேல் மாட்டியிருந்தால் கோடு தினமும் நெளிந்தாக வேண்டும்.

மாட்டிய அன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கினேன். மழைநீர் ஓடிய ஈரக்கோட்டை விரிசல் என்று நினைத்திருக்கிறேன். நிஜ விரிசல் பின்னால், புதர் மறைவில். இரண்டு போல்ட்டும் ஒரே பாறையில். முட்டாப்பயலே! பாறை நகர்ந்தால் இரண்டும் சேர்ந்தேதான் நகரும்.

அக்காவுக்குப் போன் போகவில்லை. அந்தப் பள்ளத்தில் சிக்னல் ஏது? பைக்கில் பறந்தேன்.

சரியாக அந்தப் பாறைக்கு அடியில், நிழல் பார்த்து, விரிப்பு போட்டிருந்தாள். அவள் மகள் குட்டி மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள்.

"எந்திரிக்கா. கெளம்பு."

"வந்ததும் வராததுமா என்னடா? உக்காரு, சாப்பிடு."

"மாமா, குட்டியத் தூக்குங்க!"

மாமா சிரித்தார். "ஏன் மாப்ள, ஞாயித்துக்கெழமகூட உன் பாறைக்கு லீவு கெடையாதா?"

"நான் தப்பா மாட்டிட்டேன் மாமா. மேல என்ன நடக்குதுன்னு எனக்கே தெரியாது."

சிரிப்பு நின்றது. குட்டியை அள்ளினார். மற்றவர்களையும் கத்தியே விரட்டினேன். ஒருத்தர் என்னைக் குடிகாரன் என்றார். மேலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது. காற்றே அடிக்காத இடத்தில் மண் ஏன் உதிர வேண்டும்?

மார்ச் 2

வழியை அடைத்தாயிற்று. "பாறை விழலைன்னா என்னப்பா சொல்லுவ?" என்றார் மேனேஜர். "திட்டு வாங்கிக்கறேன் சார்." அக்கா என்னோடு பேசவில்லை. அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேனாம்.

மார்ச் 6

விடிகாலையில் விழுந்துவிட்டது. கீழே யாரும் இல்லை.

அக்கா தானே வந்தாள். எதிர்ப்பக்க மேட்டில் நின்று பார்த்தோம். அவள் விரிப்பு போட்ட இடத்தில் லாரி அளவுக்கு ஒரு பாறை. அதன் முதுகில் என் இரண்டு போல்ட்டும், நடுவே கம்பியும், கொஞ்சங்கூடக் கோணாமல்.

"அது என்னடா, பச்சையா எரியுது?"

"எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுதுக்கா."

அவள் சிரிக்கவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்தவள், கார் வரைக்கும் விடவில்லை.