அக்கா எனக்காக எடுத்த விமானச் சீட்டு

என் செல்ல சரோஜாக்கா,

நீ போய்ப் பத்து நாளாகிறது. முந்தாநாள் ராஜபாளையத்தில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் இரண்டு வாய் சாப்பிடுகிறார். உன் மகள் வசந்திதான் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

உன்மேல் எனக்கு எப்போதும் பொறாமை. உன்னை மில்காரர் வீட்டில் கொடுத்தார்கள், என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குமாஸ்தாவுக்கு. மதுரையிலிருந்து மெட்ராசுக்கு முதல்தடவை விமானத்தில் போய் வந்து நீ சொன்னாயே: "ஏட்டி, எம்புட்டு நேரங்கிற? ஒரு மணி நேரந்தான். காப்பியக் குடிச்சிட்டு நிமிர்ந்தா மீனம்பாக்கம்." அம்மா வாயைப் பிளந்து கேட்டாள். நான் அடுப்படிக்குள் போய், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

எண்பத்தாறில், மெட்ராசில் தம்பி வீட்டில் இருந்த அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று காலையில் உனக்குப் போன் வந்தது. நீ எங்கள் தெருமுனைக் கடைக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டாய்.

"மத்தியான பிளைட்டுல ரெண்டு சீட்டு சொல்லியாச்சு. கார் அனுப்புதேன், கெளம்பி இரு."

"ஒன் தயவுல நான் பறக்க வேண்டாம். பஸ்லயே வாரேன்."

"பன்னெண்டு மணி நேரம் ஆவும் ஏட்டி. அதுவரைக்கும் அம்மா இருக்கணுமே..."

போனை வைத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். பஸ் விழுப்புரத்தைத் தாண்டும்போது அம்மா போயிருக்கிறாள். நான் போய் இறங்கியபோது கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நீ இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வாயில் பால் விட்டிருக்கிறாய். "ஒன்னத்தாண்டி கேட்டா" என்றாய். அந்த இரண்டு மணி நேரம் உனக்கு மட்டும் கிடைத்ததை என்னால் தாங்க முடியவில்லை.

அப்பாவின் கூடப்பிறந்த அத்தை என்னிடம் கேட்டாள்: "நீ ஏம்ட்டி அவகூட வரல?"

"சீட்டு ஒண்ணுதானாம். அவ மட்டும் பறந்துட்டா" என்றேன்.

நீ மூன்றடி தள்ளித்தான் நின்றாய். தலையைக் குனிந்துகொண்டாய். சொந்தக்காரர்கள் எல்லாரும் உன்னைத்தான் குறை பேசினார்கள். ஏன் அக்கா நீ மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை?

முந்தாநாள் வசந்தி கேட்டுவிட்டாள்: "சித்தி, எங்கம்மா ஒங்கள விட்டுட்டுப் போனத மனசுல வச்சுத்தான, அவிய படுக்கையில கெடந்தப்பக்கூட நீங்க செத்த நேரம் வந்து உக்காரல?"

பன்னிரண்டு வருஷம். பெற்ற மகளிடம்கூட நீ உண்மையைச் சொல்லவில்லை. நீ படுத்திருந்தபோது நான் வராததற்குக் காரணம் கோபம் இல்லை, உன் முகத்தைப் பார்க்கக் கூசியது. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"இத எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமா சித்தி?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உனக்காக இப்படிக் கேட்க ஒரு மகளைப் பெற்றிருக்கிறாயே, அதிலும் எனக்குப் பொறாமைதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தம் எல்லாம் கூடும். அத்தையும் வருவாள். அவளுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை, கத்தித்தான் சொல்ல வேண்டும். கூடத்தின் நடுவில் நின்று கத்திச் சொல்வேன், அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி மீனா